பேக்கேஜ் மேனேஜர் எழுதும்போது எதில் தொடங்குவது?

கேள்வி: புதிதாக ஒரு லினக்ஸ் இயங்குதளத்துக்கு பேக்கேஜ் மேனேஜர் (மென்பொருள்களை நிறுவி, புதுப்பித்து, நீக்கும் கருவி) வடிவமைக்கிறேன். முதலில் டிபென்டன்சி சால்வரை (ஒரு பேக்கேஜுக்கு வேறு எந்தெந்தப் பேக்கேஜ்கள், எந்தப் பதிப்பில் வேண்டும் என்று கண்டுபிடிக்கும் பகுதியை) எழுதலாமா?

வேண்டாம். சால்வரை நீங்கள் எழுதவே தேவையில்லை. பொதுவான வடிவில் அது என்பி கம்ப்ளீட் வகைக் கணக்கு, அதாவது எல்லாச் சமயத்திலும் வேகமாகத் தீர்க்க வழி தெரியாத கணக்கு. ஓப்பன்சூசே லினக்ஸ் 2008-இல் 11.0 பதிப்பிலேயே சாட் சால்வருக்கு (ஆம்/இல்லை நிபந்தனைகள் எல்லாவற்றுக்கும் ஒருசேரப் பொருந்தும் விடையைத் தேடும் நிரலுக்கு) மாறியது. அந்த வழியில் வந்த லிப்சால்வ் என்ற நூலகத்தைத்தான் ஃபெடோரா லினக்ஸின் பேக்கேஜ் மேனேஜரான டிஎன்எஃப்பும் பயன்படுத்துகிறது. அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நேரத்தைத் தின்னப்போவது வேறு ஒன்று: பாதி இன்ஸ்டாலில் கரண்ட் போனால் என்ன ஆகும்?

டெபியன் லினக்ஸின் பேக்கேஜ் கருவியான டிபிகேஜி எந்தக் கோப்பையும் நேராக அதன் இடத்தில் எழுதுவதில்லை. அதே டைரக்டரியில் வேறு பெயரில் எழுதி, எஃப்சிங்க் செய்து (டேட்டா உண்மையிலேயே டிஸ்கில் இறங்கும்வரை காத்திருந்து), அப்புறம்தான் ரீநேம் செய்யும். அதே டைரக்டரி என்பது முக்கியம். ரீநேம் ஒரே ஃபைல்சிஸ்டத்துக்குள்தான் வேலை செய்யும். டெம்ப் டைரக்டரி வேறு பார்ட்டிஷனில் இருந்தால் காப்பிதான் செய்ய வேண்டும். காப்பி பாதியில் நின்றால் கையில் இருப்பது பாதி லிப்சி (பெரும்பாலான நிரல்கள் நம்பியிருக்கும் அடிப்படை நூலகம்), அதன்பின் கிட்டத்தட்ட எந்தக் கமாண்டும் ஓடாது. எஃப்சிங்கை விட்டாலும் வம்புதான்: பெயர் சரியாக இருக்கும், கோப்பு 0 பைட்டாக இருக்கலாம்.

ஒவ்வொரு பேக்கேஜும் எந்த நிலையில் இருக்கிறது (பிரித்தாயிற்று, பாதி கான்ஃபிகர், முடிந்தது) என்பதை டேட்டாபேஸில் உடனுக்குடன் எழுதுங்கள். போஸ்ட் இன்ஸ்டால் ஸ்கிரிப்ட் (நிறுவியபின் யூசர் உருவாக்குவது போன்ற வேலைகளைச் செய்வது) இரண்டாம் முறையும் ஓடும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். "யூசர் ஏற்கெனவே இருக்கிறார்" என்று அது எர்ரர் அடித்தால் பேக்கேஜ் அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

கான்ஃபிக் கோப்புக்கு மூன்று செக்சம் (உள்ளடக்கம் மாறினால் தானும் மாறும் கைரேகை போன்ற எண்) வேண்டும்: பழைய பேக்கேஜில் வந்தது, புதியதில் வருவது, இப்போது டிஸ்கில் இருப்பது. டிஸ்கில் இருப்பதும் பழையதும் ஒன்றென்றால் சத்தமில்லாமல் மாற்றலாம். பழையதும் புதியதும் ஒன்றென்றால் பயனர் திருத்தியதைத் தொடாதீர்கள். மூன்றும் மூன்று விதம் என்றால் மட்டும் கேளுங்கள்.

பதிப்பு எண்களை வெறும் எழுத்துச் சரமாக ஒப்பிட்டால் 1.10 என்பது 1.9-ஐவிடப் பழையதாகிவிடும். பேக்கேஜ் பட்டியலான இன்டெக்ஸைக் கையொப்பமிடும்போது காலாவதித் தேதியும் சேருங்கள். இல்லையேல் ஏதாவது ஒரு மிரர் (நகல் சர்வர்) ஓட்டையுள்ள பழைய இன்டெக்ஸைச் செல்லுபடியாகும் கையொப்பத்தோடே தந்துகொண்டிருக்கலாம்.

சோதிக்க, விர்ச்சுவல் மெஷினில் இன்ஸ்டாலை ஓடவிட்டு ஒவ்வொரு தடவையும் வேறு வேறு நொடியில் பவரைப் பிடுங்குங்கள். பூட் ஆனதும் ஒரே கமாண்டில் மீள வேண்டும். அது நடக்கும்வரை சால்வர் பக்கம் போகாதீர்கள்.