கூலருக்கு முன்னால் மீட்டர்

கேள்வி: வணக்கமுங்க. ஆனைமலைப் பக்கம் தோப்பு வெச்சிருக்கேன். செகண்ட் ஹேண்டில் வாங்கின டீசல் ஆட்டோமேட்டிக் பிக்கப் ஓட்டறேன், வாரண்டி முடிஞ்சிருச்சு. வாரத்துல ரெண்டு நடை வால்பாறைக்கு இளநீரும் காய்கறியும் ஏத்திட்டுப் போறதுதான் பொழப்பு. போன மாசம் மலை ஏறயில கியர்பாக்ஸ் ஆயில் சூடுன்னு லைட் எரிஞ்சது. ஓரங்கட்டி ஆஃப் பண்ணிட்டு நின்னேன், கொஞ்ச நேரத்துல போயிருச்சு. கோயமுத்தூர்ல ஒரு கடைக்காரர், தனியா ஆயில் கூலர் மாட்டி, ரேடியேட்டருக்குப் போற பைப்பைக் கழட்டிட்டு நேரா கூலருக்கே விட்டுரலாம்ங்கறார். கூலியோட 18,000 கேக்கறார். எங்கூர் மெக்கானிக் ஆயிலை மாத்தினாப் போதும்ங்கறார். யார் பேச்சைக் கேக்கறதுங்க?

பதில்: முதலில் மெக்கானிக் பேச்சைக் கேளுங்கள். லைட் எரியும் அளவுக்குக் காய்ந்த ஆயிலை அப்படியே வைத்து ஓட்டக் கூடாது. ஆயில் சிவப்பு மாறிப் பழுப்பாகி, தீய்ந்த வாடை அடித்தால் அதன் ஆயுள் முடிந்தது. கம்பெனி சொன்ன அதே ரகத்தைத்தான் ஊற்ற வேண்டும். எல்லா ஆட்டோமேட்டிக்குக்கும் பொது என்று தரும் டின் வேண்டாம்.

ஆனால் ஆயிலை மாற்றினால் சூடு குறையாது. ஆட்டோமேட்டிக்கில் கிளட்ச் மிதி கிடையாது. இன்ஜினுக்கும் கியருக்கும் நடுவே டார்க் கன்வெர்ட்டரில் ஆயில்தான் சுழன்று இழுவையைக் கடத்துகிறது. பாரத்தோடு மெதுவாக ஏறும்போது கன்வெர்ட்டர் வழுக்கும், அந்த வழுக்கல் முழுவதும் சூடாக மாறும். ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு, முன்னால் ஒரு பஸ், பின்னால் இளநீர் பாரம். கன்வெர்ட்டருக்கு இதைவிடக் கஷ்டமான வேலை கிடையாது.

அதற்காக உடனே 18,000 எடுத்து வைக்க வேண்டாம். கூலருக்கு முன்னால் மீட்டர் வாங்குங்கள். ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள ஓபிடி சாக்கெட்டில் (வண்டி கம்ப்யூட்டரின் எண்களைப் படிக்கும் சாக்கெட்) மாட்டும் சின்ன புளூடூத் அடாப்டரும், உங்கள் வண்டியின் கியர்பாக்ஸ் வெப்பத்தைப் படிக்கும் போன் ஆப்பும் போதும். இந்த எண்ணை எல்லா ஆப்பும் எல்லா வண்டியிலும் எடுக்காது. அதனால் கடையிலேயே வண்டியில் மாட்டி, எண் வருகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். காலையில் முதல் ஸ்டார்ட்டில் அது வெளிவெப்பத்தை ஒட்டி இருக்க வேண்டும், ஓடும்போது கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் ரேடியேட்டர் தண்ணீர்) எண்ணிலிருந்து விலகி ஏறி இறங்க வேண்டும். ரெண்டும் ஒரே மாதிரி நகர்ந்தால் ஆப் கூலன்ட்டைத்தான் காட்டுகிறது.

சாதாரண ஓட்டத்தில் 80 முதல் 95 டிகிரி வரை வரும். மலையில் கொஞ்ச நேரம் 105, 110 தொட்டால் பயமில்லை. 120-ஐ நெருங்கினால் நிறுத்த வேண்டும். பொதுக் கணக்கில், ஒவ்வொரு 10 டிகிரி கூடுதலுக்கும் ஆயிலின் ஆயுள் பாதியாகும். அப்படி நிறுத்தும்போது இன்ஜினை அணைக்காதீர்கள். சமமான இடம் பார்த்து (ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ பாயின்ட் தோதான இடம்) நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, 1,200 - 1,500 ஆர்பிஎம்மில் ஓடவிடுங்கள். பம்ப் ஓடினால்தான் ஆயில் கூலர் வழியாகச் சுற்றும். நீங்கள் ஆஃப் பண்ணியதில் அந்தச் சுற்றே நின்றுவிட்டது.

இன்னொரு வேலை, காசே ஆகாது. தோப்பு வண்டியில் நார்த்தூசியும் மண்ணும் ஏசி கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே அடைந்துவிடும். இன்ஜின் ஆறிய பிறகு பின்பக்கமிருந்து மெதுவான தண்ணீரில் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் கன்னைக் கிட்டே வைத்து அடித்தால் அதிலுள்ள மெல்லிய தகடுகள் (ஃபின்கள்) மடங்கிவிடும். மலையில் கியரைத் தானாக மாறவிடாமல் மேனுவல் மோடில் தாழ்ந்த கியரில் பிடித்து ஏறுங்கள்.

இத்தனைக்கும் பிறகு ஒவ்வொரு நடையிலும் 115-ஐத் தாண்டினால் கூலர் உங்களுக்குத் தேவை, தாராளமாகப் போடுங்கள். தட்டுகளை அடுக்கிய மாடலைக் கேளுங்கள், ஒரே குழாயை வளைத்துச் செய்ததைவிட அது நன்றாகக் குளிர்விக்கும். சில பிக்கப்களில் கம்பெனியே முன்னால் ஒன்று வைத்திருக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரேடியேட்டர் பைப்பைக் கழட்டிவிடுகிறேன் என்கிறாரே, அதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். காற்றில் ஆறும் கூலருக்குக் காற்று வேண்டும். பஸ்ஸுக்குப் பின்னால் ஊர்ந்து போகும்போது அது கிடைக்காது. ரேடியேட்டர் தொட்டிக்குள் இருக்கும் கூலரோ தண்ணீரில் ஆறுவது, வண்டி ஊர்ந்தாலும் சூட்டை இழுக்கும். அதனால் கியர்பாக்ஸிலிருந்து ஆயில் முதலில் ரேடியேட்டருக்கு, அங்கிருந்து புதுக் கூலருக்கு, அங்கிருந்து திரும்பக் கியர்பாக்ஸுக்கு. கடைக்காரரிடம் இந்த வரிசையைப் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.

மாட்டுகிற வேலையில் நான் அதிகம் கவலைப்படுவது ஹோஸ் பற்றித்தான். கியர்பாக்ஸ் ஆயிலுக்கென்றே வரும் ஹோஸ் வேண்டும். தண்ணீர் ஹோஸும் சாதாரண டீசல் ஹோஸும் சூட்டில் உப்பி வெடிக்கும். இரும்புப் பைப்பின் முனையில் சுற்றிலும் மேடு தட்டியிருந்தால்தான் கிளிப் பிடிக்கும், வழுவழுப்பான முனையில் எவ்வளவு இறுக்கினாலும் ஒருநாள் நழுவும். நழுவினால் பம்ப் சில நிமிடங்களில் மொத்த ஆயிலையும் ரோட்டில் கொட்டிவிடும், கியர்பாக்ஸும் அதோடு போகும். பிளாஸ்டிக் கம்பியைக் கண்டன்சர் ஃபின்களுக்குள் குத்திக் கூலரைத் தொங்கவிடுவதும் வழக்கமாக இருக்கிறது. அதிர்வில் அது உரசி உரசிக் குழாயை ஓட்டை போடும். தகட்டுப் பிராக்கெட் அடித்து, கூலர் வாய்கள் மேலேயோ பக்கவாட்டிலோ இருக்கும்படி வைத்தால் உள்ளே காற்று தேங்காது.

தனி மீட்டரும் பொருத்தித் தருகிறேன் என்றால் சென்சாரைக் கவனியுங்கள். ஒற்றை வயர் சென்சாருக்கு எர்த் அதன் மரை வழியாகத்தான் கிடைக்கிறது. லீக் ஆகாமல் இருக்க டெஃப்லான் டேப்பைச் சுற்றிவிட்டால் எர்த் கெட்டு, மீட்டர் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். அதை நம்பி ஓட்டுவது மீட்டரே இல்லாமல் ஓட்டுவதைவிட ஆபத்து.

கூலரும் ஹோஸும் சேர்ந்த பிறகு ஆயில் கூடுதலாகப் பிடிக்கும். டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) இல்லாத வண்டியில், கம்பெனி சொன்ன வெப்பத்தில், அளவு போல்ட்டைத் திறந்துதான் மட்டம் பார்க்க வேண்டும். இந்த வேலையும் 18,000-க்குள் அடக்கமா என்று இப்போதே கேளுங்கள். கூலர், ஹோஸ், ஆயில், கூலி என்று தனித்தனியாகப் பிரித்த ஜிஎஸ்டி பில்லும், எத்தனை மாதம் லீக் உத்தரவாதம் என்பதும் எழுத்தில் வேண்டும். பின்னால் தகராறு வந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசலாம். அதிலும் ஆகாவிட்டால் 2 ஆண்டுக்குள் கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். நீங்கள் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. கடை எங்கே இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்க 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. வியாபார வண்டி என்று சொல்லித் தட்டிக்கழித்தால், சொந்தப் பிழைப்புக்கு நீங்களே ஓட்டுவதை அந்தச் சட்டம் நுகர்வோர் என்றே ஏற்கிறது என்று சொல்லுங்கள்.

கேள்வி: ஈரோட்டில் ஒரு பழைய ஆட்டோமேட்டிக் பிக்கப் பார்த்திருக்கேன். முன் ஓனர் கூலர் போட்டிருக்கார். அது நல்லதா, கெட்டதா?

பதில்: அவர் ஏன் போட்டார் என்று கேளுங்கள். மலையிலோ அதிக பாரத்திலோ ஓடிய வண்டி என்றால் பழைய சர்வீஸ் பில் எல்லாவற்றையும் பாருங்கள். இன்ஜின் ஆறியிருக்கும்போது கூலன்ட் டப்பாவைத் திறந்து பாருங்கள். ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் ஓட்டையானால் ஆயிலும் கூலன்ட்டும் கலந்து ரோஸ் மில்க் மாதிரி ஆகிவிடும். அதே நிறம் கியர்பாக்ஸ் ஆயிலில் தெரிந்தால் உள்ளே கிளட்ச் தட்டுகள் ஊறிப் போயிருக்கும், விலை எவ்வளவு குறைத்தாலும் வாங்காதீர்கள். சுத்தமாக இருந்தால் ஒவ்வொரு ஹோஸ் முனையையும் வெள்ளைத் துணியால் துடைத்துவிட்டு அரை மணி நேரம் ஓட்டுங்கள். திரும்பி வந்ததும் வேறொரு சுத்தமான வெள்ளைத் துணியால் மறுபடி துடைத்துப் பாருங்கள், சிவப்பு ஒட்டினால் கிளிப்பும் ஹோஸும் மாற்றும் செலவைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள்.