தயிர்சாதம் போதுமா, கால்சியம் டானிக் தேவையா?

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை நாயின் சாப்பாடு பற்றியவை. கால்நடை மருத்துவராக என் பதில்கள் இவை.

எங்கள் வீட்டில் சைவம். நாட்டு நாய்க்குத் தினமும் தயிர்சாதம்தான். மாற்ற வேண்டுமா, டாக்டர்? (கும்பகோணம்)

சோறே நாய்க்கு ஆகாது என்று சிலர் பயமுறுத்துகிறார்கள், நம்பாதீர்கள். மனிதரோடு வாழ்ந்து மாவுச்சத்தைச் செரிக்கப் பழகிய பிராணி அது. அதற்கான மரபணுப் பிரதிகள் ஓநாயைவிட நாய்க்கு மிக அதிகம் என்று 2013இல் வெளியான ஆய்வு காட்டியது. சோற்றோடு வேறெதுவும் இல்லாததுதான் குறை. வளர்ந்த நாயின் உணவில் ஈரத்தைக் கழித்த எடையில் 18 சதவீதமாவது புரதம் வேண்டும்; வெறும் தயிர்சாதம் பெரும்பாலும் அதை எட்டாது. முட்டை வீட்டுக்குள் வரக்கூடாது என்றால் பனீரும் குழைய வெந்த பருப்பும் சேருங்கள். தாது, வைட்டமின் குறைவு வராமலிருக்க ஒரு வேளையாவது சமச்சீரான பாக்கெட் உணவு கொடுங்கள். பூனையை மட்டும் சைவமாக வளர்க்கப் பார்க்காதீர்கள். அதற்கு இறைச்சி இல்லாமல் முடியாது.

வெங்காயத்தைப் பொறுக்கிவிட்டுச் சாம்பார் ஊற்றலாமா? (சேலம்)

கூடாது. ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும் பொருள் குழம்பிலேயே இறங்கியிருக்கும், கொதித்தாலும் போகாது. பூண்டும் அப்படித்தான். பாதிப்பு உடனே தெரியாது. சில நாள் கழித்து ஈறு வெளுக்கும், சிறுநீர் பழுப்பாகும். புளியும் சந்தேகத்துக்குரியது. திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுப்பதற்கு அதிலுள்ள டார்டாரிக் அமிலமே காரணமாக இருக்கலாம் என்று இப்போது கருதுகிறார்கள். அந்த அமிலம் புளியில் தாராளமாக உண்டு. பாயசத்து உலர்திராட்சையும் இதே கணக்கில்தான்.

மூன்று மாத லாப்ரடார் குட்டி. குட்டிகளுக்கான பாக்கெட் உணவோடு கால்சியம் டானிக்கும் கொடுக்கச் சொன்னார் கடைக்காரர். எவ்வளவு கொடுப்பது? (மதுரை)

ஒரு சொட்டும் வேண்டாம். என்னிடம் வரும் கேள்விகளில் எனக்கு மிகவும் எரிச்சலூட்டுவது இதுதான். கேட்பவர் மேல் கோபமில்லை, விற்பவர் மேல்தான்.

கால்சியம் மிஞ்சினால் வளர்ந்த நாயின் குடல் உறிஞ்சுவதைக் குறைத்துக்கொள்ளும். சிறு குட்டியின் குடலுக்கு அந்தக் கட்டுப்பாடு இன்னும் வந்திருக்காது. கொடுப்பதில் பெரும்பங்கு உள்ளே போய்விடும். வேகமாக வளரும் பெரிய இனக் குட்டிகளில் இது எலும்பு வளர்ச்சியையே குழப்பும். அப்படிப்பட்ட குட்டியை மேசைமேல் நிறுத்தி முன்னாலிருந்து பார்த்தால் முன்கால்கள் வளைந்து, பாதங்கள் வெளிப்பக்கம் திரும்பியிருக்கும். கால் வலுவில்லை என்று வீட்டார் டானிக்கை இன்னும் கூட்டுவார்கள்.

பாக்கெட்டில் தேவையான கால்சியம் ஏற்கெனவே இருக்கிறது. ‘பெரிய இனக் குட்டிகளுக்கு’ என்று போட்டிருப்பதாக வாங்குங்கள். அதில் அளவு கட்டுப்பாட்டில் இருக்கும்.

எலும்பில்லாத கோழிக்கறியும் சோறும் மட்டும் தின்னும் குட்டிகளுக்கு நேர்மாறான சிக்கல். கறியில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் சொற்பம். உடல் தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை எடுக்கும். சோபாவிலிருந்து குதித்தாலே கால் முறியலாம். அப்போதும் நாமாக டானிக் வாங்கக் கூடாது, உணவைத்தான் மாற்ற வேண்டும்.

வெந்த கோழி எலும்பு? (கரூர்)

வேண்டவே வேண்டாம். சிராய் சிராயாக உடைந்து குடலைக் குத்தும்.

டின் உணவில் புரதம் 8 சதவீதம், உலர் உணவில் 24. விலை அதிகமான டின் ஏமாற்று வேலையா? (சென்னை)

இல்லை. உங்கள் டின்னில் 78 சதவீதம் தண்ணீர் என்றால் மீதி 22. அதில் 8 என்பது ஏறக்குறைய 36 சதவீதம். உலர் உணவில் ஈரம் 10 போக 90இல் 24, அதாவது சுமார் 27. தண்ணீரைக் கழித்துவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். உலர் உணவே போதும். ஆனால் மூட்டையைப் பிரித்து நிறுத்துக் கொடுப்பதை வாங்காதீர்கள். காற்றுப் பட்டு கொழுப்பு சிக்கு வாடை அடிக்கும், காலாவதித் தேதியும் தெரியாது.

எங்கள் சிப்பிப்பாறைக்கு எவ்வளவு போட்டாலும் விலா எலும்பு தெரிகிறது. (கோவில்பட்டி)

தெரியட்டும். முயலை விரட்டிப் பிடிக்க வளர்த்த இனம் அது. கடைசி சில விலாக்கள் தெரிவது அதன் உடல்வாகு. இடுப்பெலும்பும் முதுகெலும்பும் துருத்திக்கொண்டு, தொடைச் சதையும் கரைந்திருந்தால் மட்டும் மலத்தைப் பரிசோதித்துக் குடற்புழு மருந்து கொடுங்கள். தட்டில் இன்னும் ஒரு கரண்டி போடுவது அதற்குத் தீர்வாகாது.