முக்கோணத்தை அழித்துவிட்டுத் தொடங்குங்கள்

(திருகோணமலையில் அரசியல் விஞ்ஞானம் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியர், வாசகர் கேள்விகளுக்குப் பதில் தருகிறார்)

கேள்வி: தரம் 10 பிள்ளைகளுக்குக் குடியியற் கல்வி எடுக்கிறேன். சட்டத்துறை, நிர்வாகத்துறை, நீதித்துறை என்று மூச்சுவிடாமல் ஒப்புவிக்கிறார்கள். 'தடைகளும் சமன்பாடுகளும்' (ஒரு துறை மற்றதை மறித்துச் சமநிலையில் வைப்பது) என்றதும் முழிக்கிறார்கள். எப்படி விளங்கவைப்பது?
– ஓர் ஆசிரியை, மூதூர்

பதில்: முதலில், மூலைக்கு ஒரு துறையாகக் கரும்பலகையில் நிற்கும் அந்த முக்கோணத்தை அழித்துவிடுங்கள், ரீச்சர். மூன்று பக்கமும் ஒரே நீளம், மூலைக்கு மூலை அம்புக்குறி. பார்க்க வடிவுதான். ஆனால் நம் நாட்டு ஆட்சிக்கு அந்த வடிவம் இல்லை. 1978 அரசியலமைப்பின் 4ஆம் உறுப்புரையைப் பிள்ளைகளையே உரத்து வாசிக்கச் சொல்லுங்கள். மக்களின் நீதி அதிகாரத்தை நாடாளுமன்றம் நீதிமன்றங்கள் ஊடாகப் பிரயோகிக்கும் என்று அங்கே இருக்கும். அமைச்சர்களும் நாடாளுமன்றத்தில் இருந்துகொண்டே அமைச்சை நடத்துகிறார்கள். அமெரிக்காவில் காங்கிரஸ் உறுப்பினர் ஒருவர் அமைச்சராகப் போவதென்றால் ஆசனத்தை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். புத்தகத்து முக்கோணம் அந்த ஊர்ச் சரக்கு.

படத்துக்குப் பதிலாக ஒரு சண்டையைப் படிப்பியுங்கள். ஒரு துறை மற்றதை மறிப்பது, மோதல் வரும்போதுதான் கண்ணுக்குத் தெரியும். எனக்குக் கைகொடுத்தது 2018ஆம் ஆண்டின் கடைசிப் பகுதி. பழைய கலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் திகதியையும் நடந்ததையும் பெரிய எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தாளாகக் காட்டி, "இப்ப யாரால் என்ன செய்யலாம்?" என்று கேளுங்கள். அவர்கள் வாய் திறக்கும்வரை அடுத்த தாளை எடுக்காதீர்கள்.

ஒக்டோபர் 26: ஜனாதிபதி பிரதமரை நீக்கி வேறொருவரை நியமிக்கிறார். மறுநாள் நாடாளுமன்ற அமர்வை ஒத்திவைக்கிறார். நவம்பர் 9: நாடாளுமன்றத்தையே கலைத்து வர்த்தமானி வருகிறது. இந்த இடத்தில் வகுப்பில் பாதிப் பேர் "கோட்டுக்குப் போகலாம் சேர்" என்பார்கள். சரி, போனார்கள். போனவர்களில் முன்னுக்கு நின்றவர் நம் மாவட்டத்து நாடாளுமன்ற உறுப்பினர், காலஞ்சென்ற இரா. சம்பந்தன். அந்தத் தீர்ப்பை இன்றும் 'சம்பந்தன் எதிர் சட்டமா அதிபர்' என்றே சொல்கிறார்கள். நம் ஊர்ப் பெயர் வந்ததும் பின்வாங்கிலும் நிமிர்ந்து உட்காரும்.

நவம்பர் 13: உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போடுகிறது. 14: கூடிய நாடாளுமன்றம், புதிய பிரதமருக்கு எதிராக நம்பிக்கையில்லாப் பிரேரணையை நிறைவேற்றுகிறது. அடுத்த நாட்களில் சபைக்குள் மிளகாய்த்தூள் வீசியது, கதிரை எறிந்தது எல்லாம் பிள்ளைகளுக்குத் தெரியும், கேட்பார்கள். இரண்டு நிமிடம் சிரிக்க விடுங்கள்.

நவம்பர் 29 தாளை மட்டும் தவறவிடாதீர்கள். பிரதமர் அலுவலகச் செலவுக்கு அரச பணம் போகக்கூடாது என்று அன்று நாடாளுமன்றம் பிரேரணை நிறைவேற்றியது. நீதிமன்றத்தையும் வாக்கெடுப்பையும் ஊகித்த பிள்ளைகள் காசை ஊகிக்கமாட்டார்கள். "அப்ப பெற்றோலுக்கும் காசில்லையா சேர்?" என்று ஒருவன் கேட்டான். அரச நிதியின் முழுக் கட்டுப்பாடு நாடாளுமன்றத்திடம் என்ற 148ஆம் உறுப்புரையை நான் சொல்லிக்கொடுத்தது அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான். "பொலிஸ் யாருடைய சொல்லைக் கேட்கும்?" என்று கேட்டாள் இன்னொருத்தி. அதற்கு ஒரு முழுப் பாடவேளை கொடுக்கலாம்.

பிறகு டிசெம்பர் 3: புதிய பிரதமரும் அமைச்சரவையும் செயற்படுவதை மேன்முறையீட்டு நீதிமன்றம் தடுத்தது. 13: நாடாளுமன்றம் முதன்முறை கூடி நாலரை ஆண்டு ஆகுமுன், மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர் கேளாமல் கலைத்தது பிழை என்று ஏழு நீதியரசர்களும் ஒரே குரலில் சொன்னார்கள். 16: பழைய பிரதமர் மறுபடி சத்தியப்பிரமாணம் செய்தார். இப்போது அந்த நாலரை ஆண்டு இல்லை, 20ஆம் திருத்தத்தோடு இரண்டரை ஆண்டாகிவிட்டது. சோதனையில் பிள்ளை பழையதை எழுதிவிடப் போகிறது, கவனம்.

இன்னொன்று. வகுப்பில் எல்லாக் கட்சி வீட்டுப் பிள்ளைகளும் இருப்பார்கள். வழக்கின் பெயரைத் தவிர ஆட்களின் பெயர் சொல்லக் கூடாது, பதவியைத்தான் சொல்ல வேண்டும் என்று விதி போடுங்கள். இல்லையென்றால் பாடம் தேர்தல் கூட்டமாகிவிடும்.

கேள்வி: பிழையான சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றினால் நீதிமன்றம் அதை நீக்கிவிடும்தானே?
– தரம் 11 மாணவன், தம்பலகாமம்

பதில்: இந்தியாவில் நீக்கும், தம்பி. அமெரிக்காவிலும் 1803 முதல் அந்த வழக்கம் உண்டு. இங்கே நீக்காது. சபாநாயகர் கையெழுத்திட்டுச் சான்றுரைப்படுத்திய பிறகு, சட்டம் செல்லுபடியாகுமா என்று எந்த நீதிமன்றமும் கேட்க முடியாது என்கிறது 80(3)ஆம் உறுப்புரை. அதற்கு முன்புதான் வாசல் திறந்திருக்கும். சட்டமூலம் நாடாளுமன்றத்தின் ஒழுங்குப்பத்திரத்தில் (அலுவல் பட்டியலில்) சேர்ந்ததும், உன் அப்பாவோ பக்கத்து வீட்டு மாமாவோ, எந்தப் பிரசையும் உயர் நீதிமன்றம் போகலாம். நீதிமன்றம் மூன்று வாரத்துக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். 2024இல், இணையப் பதிவுகளைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தில் நீதிமன்றம் சொன்ன திருத்தங்கள் முழுதாகச் சேரவில்லை என்று எதிர்க்கட்சி கூச்சல் போட்டது. அதற்குள் சபாநாயகர் கையெழுத்து விழுந்துவிட்டது. என் கணக்கில் நம் அரசியலமைப்பின் மோசமான ஓட்டை இதுதான். சோதனையில் உன் கருத்தை எழுது, என்னுடையதை எழுதாதே.

கேள்வி: மாகாண சபை நம் நகரத்தில்தானே இருக்கிறது. அதை வைத்து இந்தப் பாடத்தைச் சொல்ல முடியாதா?
– ஒரு தாய், உப்புவெளி

பதில்: தாராளமாகச் சொல்லலாம், பிள்ளை. சபை நியதிச்சட்டம் (மாகாணத்துக்கான சட்டம்) நிறைவேற்றும். ஆளுநர் அதை மீள்பரிசீலனைக்குத் திருப்பி அனுப்பலாம். சபை மறுபடி நிறைவேற்றினால், ஜனாதிபதி ஊடாக உயர் நீதிமன்றத்தின் தீர்மானத்துக்கு விடலாம். மூன்று துறையும் ஒரே கடுதாசியில் கையெழுத்து வைக்கிற மாதிரி ஏற்பாடு.

சிக்கல் என்னவென்றால் கிழக்கு மாகாண சபையின் 37 ஆசனங்களும் 2017 செப்டெம்பரிலிருந்து காலி. அதன்பிறகு தேர்தல் வைக்கவில்லை. ஜனாதிபதி நியமிக்கும் ஆளுநர் இருக்கிறார், செயலாளர்கள் இருக்கிறார்கள், வேலை நடக்கிறது, கேள்வி கேட்கச் சபை இல்லை. மகனிடம் அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணையைக் கொடுங்கள். அதில் மாகாணங்களுக்குரிய நிரலில் உள்ள விடயங்களில் ஐந்தைத் தெரிந்து, ஒவ்வொன்றுக்கும் நேரே இப்போது யார் முடிவெடுக்கிறார் என்று எழுதச் சொல்லுங்கள். எழுதியதை எனக்கு அனுப்பினால் திருத்தித் தருகிறேன்.