1,400 லைக் வந்தது, ஒரு பாய்கூடப் போகவில்லை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணாச்சி, எங்கள் வீட்டில் மூன்று தறி ஓடுகிறது. பட்டுப்பாய், கல்யாணப் பாய் எல்லாம் நெய்கிறோம். தீபாவளிக்கு முன்னால் ஃபேஸ்புக்கில் ஒரு படம் போட்டு, கீழே இருந்த ‘பூஸ்ட்’ பட்டனை அமுக்கி 3,000 ரூபாய் கட்டினேன். 1,400 லைக் வந்தது. ‘சூப்பர்’, ‘எங்க ஊரு’ என்று ஏகப்பட்ட கமெண்ட். விலை கேட்டவர்கள் நான்கு பேர், வாங்கியவர் ஒருவர்கூட இல்லை. ‘காசைத் தாமிரபரணியில் போட்டிருந்தாலும் புண்ணியமாவது கிடைத்திருக்கும்’ என்று வீட்டில் பேச்சு. தப்பு எங்கே?
— வாசகி, பத்தமடை

பதில்: தங்கச்சி, நீங்கள் லைக் கேட்டிருக்கிறீர்கள், ஃபேஸ்புக் லைக் வாங்கிக் கொடுத்துவிட்டது. அதன்மேல் கோபப்பட ஒன்றும் இல்லை. பூஸ்ட்டை அமுக்கியதும் ‘கோல்’ என்று ஒரு வரி வரும், அதாவது இந்த விளம்பரத்தால் உங்களுக்கு என்ன நடக்க வேண்டும் என்ற கேள்வி. அவசரத்தில் அதை யாரும் பார்ப்பதில்லை. அதைத் தொடாமல் விட்டால் ஃபேஸ்புக்கே ஒன்றைத் தேர்ந்துகொள்ளும். அது என்கேஜ்மென்ட், அதாவது லைக், கமெண்ட் என்று அமைந்துவிட்டால், காலையில் எழுந்ததிலிருந்து கண்ணில் பட்டதற்கெல்லாம் லைக் போடுகிற ஆட்களாகப் பார்த்துப் பிடித்து அவர்களிடம் உங்கள் பாயைக் கொண்டுபோய்க் காட்டும். யார் லைக்கோடு நிற்பவர், யார் மெசேஜ் அனுப்பி விலை கேட்பவர் என்ற பழக்கமெல்லாம் அதற்கு அத்துப்படி. அதனால் அடுத்த தடவை ‘மெசேஜ்’ வேண்டும் என்று கேளுங்கள். பட்டன் வாட்ஸ்அப்புக்குப் போகிற மாதிரி இருக்கட்டும். லைக் 1,400-லிருந்து 40 ஆகிவிடும், பதறாதீர்கள்.

அடுத்தது ஊர். யாருக்குக் காட்டினீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் கமெண்டில் ‘எங்க ஊரு’ என்று கிடப்பதைப் பார்த்தால் நம் பக்கத்தைச் சுற்றியேதான் ஓடியிருக்கிறது. சேரன்மகாதேவிக்காரருக்குப் பாய் வேண்டும் என்றால் பஸ் ஏறி வந்து, தறியையும் பார்த்து, விலையும் பேசி வாங்கிக்கொள்வார். அவருக்கு எதற்குக் காசு கொடுத்து விளம்பரம்? பத்தமடை என்ற பெயரைக் கேட்டதும் மனசு இளகுகிற ஆட்கள் தாம்பரத்திலும் பெங்களூரிலும் மும்பையிலும் இருக்கிறார்கள். ஊரை விட்டுப் போய் இரண்டு தலைமுறை ஆனாலும் கல்யாணம் என்றால் ஊர்ச் சாமான் வேண்டும் என்று சொல்ல அந்த வீடுகளில் ஒரு ஆச்சி இருப்பாள். விளம்பரத்தை அந்த ஊர்களுக்குத் திருப்பிவிட்டு, வயதை 25-க்கு மேல் வையுங்கள். கல்யாணச் சாமான் பட்டியல் பெரும்பாலும் பெண்ணின் அம்மா கையில்தான் இருக்கிறது, அதனால் மேல் வரம்பைக் குறைக்க வேண்டாம்.

நேரமும் பார்க்க வேண்டும். தீபாவளிக்குத் துணிக்கடையும் நகைக்கடையும் பணத்தைக் கொட்டுகிற நேரம் அது. விளம்பர இடம் ஏலத்தில்தான் போகிறது, கேட்கிற ஆள் கூடினால் விலையும் கூடும், உங்கள் 3,000 அந்தக் கூட்டத்தில் நசுங்கிவிடும். ஆடியில் கல்யாணம் கிடையாது. ஆனால் ஆவணிக் கல்யாணத்துக்குச் சாமான் தேடுவது ஆடியில்தான், தைக் கல்யாணத்துக்கு மார்கழியில். நீங்களும் கோரை கிழித்து, ஊறப்போட்டு, சாயமேற்றி, பெண் மாப்பிள்ளை பெயர் போட்டு நெய்ய நாள் வேண்டுமே, அதனால் இன்னும் முன்னாலேயே ஆரம்பித்துவிடுங்கள்.

படமும் வேண்டாம், வீடியோ எடுங்கள். போனை நிமிர்த்திப் பிடித்து, கல்யாணப் பாயைத் திண்ணையில் விரித்து, பெயர் நெய்திருக்கிற இடத்தைக் கிட்டே காட்டுங்கள். அப்புறம் அதே பாயைத் துணி மடிக்கிற மாதிரி நான்காக, எட்டாக மடித்துக் கையில் தூக்கிக் காட்டுங்கள். பிளாஸ்டிக் பாயைச் சுருட்டியே பழகிய சென்னைக்காரருக்கு அந்த மடிப்பு ஒன்றே போதும், விலை ஏன் ஆயிரங்களில் இருக்கிறது என்று நீங்கள் வாய் திறக்க வேண்டாம். கடைப் பெயரும் வணக்கமும் கடைசியில் வரட்டும், முதல் மூன்று வினாடியிலேயே பாய் வந்துவிட வேண்டும்.

இப்போது கணக்கு. ஒரு நாளைக்கு 200 ரூபாய், 15 நாள், அதே 3,000. ஐம்பது பேர் மெசேஜ் அனுப்பி மூன்று பேர் வாங்கினார்கள் என்று வைத்துக்கொள்வோம், ஒரு பாய் விற்க விளம்பரச் செலவு 1,000 ரூபாய். கல்யாணப் பாயில் 2,000 நின்றால் லாபம்தான், சாதாப் பாயில் 150 நிற்கிறது என்றால் அதற்கு விளம்பரமே கூடாது. ‘ஆட்ஸில் எவ்வளவு போடலாம்’ என்று கேட்கிறவர்கள் இந்த வகுத்தல் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டால் பாதிக் கேள்வி எனக்கு வராது. தினமும் காலையில் உள்ளே போய் ஊரை மாற்றுவது, படத்தை மாற்றுவது என்று நோண்டவும் கூடாது. யாரிடம் காட்டினால் பலன் வரும் என்று அது படித்துக்கொண்டிருக்கும், ஒரு வாரத்தில் சுமார் 50 பலன் கிடைத்தால்தான் அந்தப் படிப்பு முடியும் என்று ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவே சொல்கிறது. நம் பட்ஜெட்டுக்கு அவ்வளவு வராது என்றாலும், ஐந்தாறு நாளாவது கை வைக்காமல் இருங்கள்.

அந்த நான்கு பேர் விலை கேட்டார்களே, எத்தனை மணி நேரம் கழித்துப் பதில் போட்டீர்கள்? இதைத்தான் உங்கள் கடிதத்தில் முதலில் தேடினேன், இல்லை. இரவு ஒன்பது மணிக்குக் கேட்டவருக்கு மறுநாள் மத்தியானம் ‘சொல்லுங்க’ என்று போட்டால் அவர் வேறு எங்கோ போயிருப்பார். வாட்ஸ்அப் பிசினஸ் செயலி 2018-லிருந்து இருக்கிறது, இலவசம். அதில் கேட்டலாக் போட்டு, அளவு, விலை, கூரியர் செலவு, எத்தனை நாளில் கிடைக்கும் என்பதையெல்லாம் ஒரே பதிலாக எழுதி வைத்துக்கொள்ளலாம், ஒரு தட்டு தட்டினால் போய்விடும். ‘விலைக்கு இன்பாக்ஸ் வாங்க’ என்று மட்டும் எழுதாதீர்கள், எனக்கே பிடிக்காது.

கேள்வி: சார், மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். பையன் இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் போடச் சொல்கிறான். போடலாமா?
— வாசகர், மேலப்பாளையம்

பதில்: பையனுக்கு ஆசை இருந்தால் போடட்டும், காசு மட்டும் அதில் போடாதீர்கள். மோட்டார் எரிந்து, மேல் தொட்டியில் தண்ணீர் இல்லாமல், வீட்டுக்காரி சத்தம் போடுகிற நேரத்தில் யாரும் ரீல்ஸ் பார்க்க மாட்டார்கள், கூகுளில்தான் தேடுவார்கள். முதலில் கூகுள் மேப்பில் கடையை இலவசமாகப் பதியுங்கள், கடையை வீடியோ எடுத்துக் காட்டச் சொன்னால் போர்டு தெரிகிற மாதிரி காட்டுங்கள். வேலை முடிந்து மோட்டாரைத் தூக்கிக்கொண்டு போகிறவரிடம் ரிவ்யூ கேளுங்கள். ‘போட்டால் 50 ரூபாய் குறைக்கிறேன்’ என்று சொல்லிக் கேட்கக் கூடாது, கூகுள் விதியில் அதற்கு இடமில்லை.

அதற்குப் பிறகும் வேலை போதவில்லை என்றால் கூகுள் ஆட்ஸ். கிளிக் செய்தால்தான் காசு, ஆனால் வீண் கிளிக்கும் காசுதான். இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். ஊரைத் தேர்ந்தெடுக்கிற இடத்துக்குக் கீழே ‘லொக்கேஷன் ஆப்ஷன்ஸ்’ என்று ஒன்றை மடித்து வைத்திருப்பார்கள். அதை அப்படியே விட்டால் திருநெல்வேலியில் இருப்பவர் மட்டும் இல்லை, திருநெல்வேலி மேல் ‘ஆர்வம் காட்டுகிற’ ஆளுக்கும் விளம்பரம் போகும். அல்வாக் கடைக்கு அது வரம், துபாயில் இருப்பவர்கூட ஆர்டர் போடுவார். உங்களுக்கு? துபாயிலிருந்து மோட்டாரைத் தூக்கிக்கொண்டா வரப்போகிறார்? ‘பிரசன்ஸ்’, அதாவது அந்த ஊரில் இருப்பவர் என்பதை மட்டும் தொட்டு வையுங்கள். இரண்டாவது, வேண்டாத சொற்கள். ‘காயில் கட்டும் கோர்ஸ்’, ‘ஐடிஐ வேலை’, ‘காயில் கம்பி ஹோல்சேல்’ என்று தேடுகிறவனும் உங்கள் விளம்பரத்தைத் தொடுவான். கோர்ஸ், வேலை, ஹோல்சேல் எல்லாவற்றையும் ‘நெகட்டிவ் கீவேர்டு’ பட்டியலில் சேர்த்துவிட்டால் தேடலில் அந்தச் சொல் இருக்கும்போது விளம்பரம் வராது. வாரத்துக்கு ஒருமுறை ‘சர்ச் டேர்ம்ஸ்’ பக்கத்தைத் திறந்து, என்னென்ன தேடி வந்திருக்கிறார்கள் என்று பாருங்கள், சில நேரம் சிரிப்பாக இருக்கும்.

கேள்வி: கட்டில், பீரோ கடை. மாதம் 15,000 கொடுத்து ஒருவரிடம் விளம்பரத்தை விட்டிருந்தேன். ரிசல்ட் கேட்டால் சரியான பதில் இல்லை, நிறுத்திவிட்டேன். இப்போது கடைப் பக்கத்தின் பாஸ்வேர்டே அவரிடம்தான் இருக்கிறது, தர மாட்டேன் என்கிறார்.
— வாசகர், வள்ளியூர்

பதில்: கடைச் சாவியை வேலைக்காரரிடம் கொடுக்கலாம், பத்திரத்தை அவர் பெயரில் எழுதிக் கொடுத்தால் எப்படி, அண்ணாச்சி? சண்டையை ஒருபக்கம் வைத்துவிட்டு, உங்கள் சொந்த ஃபேஸ்புக் கணக்குக்கு அந்தப் பக்கத்தில் ‘ஃபுல் கண்ட்ரோல்’ கொடுக்கச் சொல்லி நயமாகக் கேளுங்கள், பாக்கி இருந்தால் தீர்த்துவிட்டே கேளுங்கள். முடியாது என்றால் கடை ஆவணங்களோடு மெட்டாவிடம் முறையிடலாம், நாளாகும். இனிமேல் பக்கம், விளம்பரக் கணக்கு, கார்டு மூன்றும் உங்கள் பெயரில் இருக்க வேண்டும். பக்கத்தையும் விளம்பரக் கணக்கையும் ஒரே இடத்தில் வைக்கிற பிசினஸ் போர்ட்ஃபோலியோ என்று ஒன்றை மெட்டாவில் உங்கள் பெயரில் திறந்து, வருகிறவரைப் ‘பார்ட்னராக’ச் சேர்த்தால் பாஸ்வேர்டு தராமலே அவர் வேலை பார்க்கலாம், வேண்டாம் என்றால் அன்றைக்கே எடுத்துவிடலாம்.

அந்த 15,000-த்தில் ஃபேஸ்புக்குக்குப் போனது எவ்வளவு, அவருக்குக் கூலி எவ்வளவு என்று கேட்டீர்களா? கணக்கு உங்கள் பெயரில் இருந்தால் பில் உங்களுக்கே வரும், கேட்கவே வேண்டாம். விளம்பரத் தொகைக்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு, 10,000-த்துக்கு ஓட்டினால் 11,800 போகும். உங்கள் ஜி.எஸ்.டி. எண்ணைக் கணக்கில் ஏற்றிவிட்டால் அதைக் கிரெடிட் எடுக்க, அதாவது நீங்கள் கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி.யில் கழித்துக்கொள்ள வழி உண்டு, ஆடிட்டரிடம் பில்லைக் கொடுங்கள்.

பாஸ்வேர்டு பேச்சு வந்ததால் என் அசட்டுத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் இரவு பத்தரை மணி, ‘உங்கள் பக்கம் காப்பிரைட் மீறியுள்ளது, 24 மணி நேரத்தில் நீக்கப்படும்’ என்று மெசஞ்சரில், நீல லோகோ எல்லாம் போட்டு ஒரு செய்தி. ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிற நான் தூக்கக் கலக்கத்தில் லிங்கைத் தொட்டுப் பாஸ்வேர்டும் போட்டேன். விடிந்து பார்த்தால் நான் பார்த்துக்கொள்கிற ஒரு ஜவுளிக்கடைப் பக்கத்தில் புரியாத மொழியில் கூலிங் கிளாஸ் விளம்பரம் ஓடுகிறது, என் கார்டு காசில். கார்டை முடக்கி, சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்குப் போன் அடித்துப் புகார் கொடுத்து, பக்கம் திரும்பிவர மூன்று வாரம். பாஸ்வேர்டோடு இன்னொரு குறியீட்டு எண்ணும் கேட்கிற டூ ஃபேக்டர் பூட்டைப் போட்டிருந்தால் பாஸ்வேர்டு போயும் தப்பித்திருக்க வாய்ப்பு உண்டு. இன்றைக்கே போடுங்கள்.

கேள்வி: கருப்பட்டி விற்கிறோம். ‘உங்களுக்குச் சர்க்கரை நோயா? எங்கள் கருப்பட்டி சாப்பிடுங்கள்’ என்று விளம்பரம் கொடுத்தால் ரிஜெக்ட் ஆகிறது. பின்னணியில் சினிமாப் பாட்டு இருப்பதாலா?
— வாசகர், திசையன்விளை

பதில்: பாட்டும் ஒரு தொல்லைதான், உரிமை வாங்காத சினிமாப் பாட்டு போட்ட ரீலைப் பூஸ்ட் செய்ய விடாது. ஆனால் பெரிய வில்லங்கம் அந்த முதல் வரி. பார்க்கிறவருக்கு இன்ன நோய் இருக்கிறது என்று சுட்டிக் கேட்பது மெட்டா விதியில் கூடாது. அதைவிட, கருப்பட்டியும் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும், உங்கள் வீட்டுப் பெரியவருக்கு டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டுப் பாருங்கள். உணவுப் பொருள் நோயைத் தீர்க்கும் என்று விளம்பரம் செய்யக் கூடாது என்று 2018-ல் வந்த உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறையும் சொல்கிறது. பதநீர் காய்ச்சுகிற வாணலியையும், சிரட்டையில் ஊற்றி ஆறியதும் தட்டி எடுப்பதையும் காட்டுங்கள், அந்தச் சத்தமே போதும்.

கேள்வி: மெஸ் நடத்துகிறோம், எங்கள் சொதிச் சாப்பாட்டுக்கு நல்ல பெயர். ஒரு யூடியூபர் தம்பி வந்து சாப்பிட்டு வீடியோ போட 20,000 கேட்கிறார். கொடுக்கலாமா?
— வாசகி, பாளையங்கோட்டை

பதில்: அக்கா, அவருக்கு எத்தனை லட்சம் சப்ஸ்கிரைபர் என்று கேட்காதீர்கள், அவர் வீடியோ பார்க்கிறவர்களில் திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசிக்காரர்கள் எத்தனை சதவீதம் என்று யூடியூபின் ‘அனலிடிக்ஸ்’ பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பாதிப் பேர் கோயம்புத்தூரில் இருந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வர மாட்டார்கள். காசு வாங்கிப் போடுகிற வீடியோவில் அது விளம்பரம் என்று தெரிவிக்க வேண்டும், விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில் 2021-லேயே விதி போட்டுவிட்டது, அதற்குத் தயங்குகிற தம்பி வேண்டாம். வேண்டுமானால் 3,000 ரூபாயை எடுத்து, மெஸ்ஸைச் சுற்றி ஐந்தாறு கிலோமீட்டருக்குள், காலை பத்து மணிக்குச் சொதியும் இஞ்சித் துவையலும் இலையில் விழுகிற வீடியோவை நீங்களே ஓட்டிப் பாருங்கள். காலை பத்து மணி என்றது, மத்தியானம் என்ன சாப்பிடலாம் என்று ஆபீசில் பேச்சு ஆரம்பிக்கிற நேரம் அது. நேரம் குறித்து ஓட்ட, மெட்டாவில் விளம்பரத்தை விரிவாக அமைக்கிற ஆட்ஸ் மேனேஜரில் தினசரி பட்ஜெட்டுக்குப் பதில் மொத்த பட்ஜெட் என்று வையுங்கள்.

எதைச் செய்வதற்கு முன்னாலும் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் கடிதம் வந்ததும் மெஸ்ஸை மேப்பில் தேடினேன். மெஸ் இருக்கிற இடத்தைக் காட்டுகிற ‘பின்’ குறி அடுத்த தெருவில், ஒரு மாவு மில் வாசலில் நிற்கிறது. அதை முதலில் நகர்த்துங்கள், காசு கிடையாது.