நெட் கேபிளைக் கழற்றினால் எக்செல் உடனே திறக்கிறது, மாட்டினால் இழுக்கிறது. ஏன்?

ஃபைலும் எக்செல்லும் உங்கள் கணினியிலேயே இருக்கின்றன. ஆனாலும் நெட்வொர்க்கில் இருந்தால் திறக்க அரை நிமிடம், கேபிளைக் கழற்றினால் சட்டென்று திறக்கிறது என்கிறீர்கள். நான் வேலை பார்க்கும் ஆடிட்டர் ஆபீஸில் இதே கூத்து ஒரு வாரம் நடந்தது. நெட் ஸ்பீடைக் கூட்டச் சொல்லி யாராவது சொன்னால் காசை வீணாக்காதீர்கள்.

எங்கள் குற்றவாளி ஒரு நெட்வொர்க் பிரின்டர். பழுதாகி, பழைய சாமான்காரரிடம் போட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது. கணினியில் மட்டும் அதுதான் இன்னமும் டீஃபால்ட், அதாவது வேறு எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் தானாக எடுத்துக்கொள்ளும் பிரின்டர். பக்க அளவு, ஓரம் எல்லாம் கணக்கிட எக்செல் டீஃபால்ட் பிரின்டரைத்தான் விசாரிக்கும். கேபிள் மாட்டியிருந்தால், எப்படியும் பதில் வரும் என்று விண்டோஸ் காத்திருக்கும், மறுபடி கேட்கும், பல விநாடிகள் கழித்துத்தான் கைவிடும். கேபிளே இல்லையென்றால் கேட்க வழியில்லை என்று அந்த நொடியே தெரிந்துவிடும். அதனால்தான் இந்த வேகம்.

முதலில் டீஃபால்ட் பிரின்டரை 'மைக்ரோசாஃப்ட் பிரின்ட் டு பிடிஎஃப்' என்று மாற்றிப் பாருங்கள். எங்களுக்கு அதிலேயே தீர்ந்தது. தீராவிட்டால் 'திஸ் பிசி'யில் சிவப்புப் பெருக்கல் குறியோடு நிற்கும் பழைய நெட்வொர்க் டிரைவைத் துண்டித்துவிடுங்கள். அந்த ஒரு ஃபைல் மட்டும் இழுக்கிறது என்றால், எக்செல்லில் டேட்டா பகுதிக்குப் போய் 'எடிட் லிங்க்ஸ்' (புதிய எக்செல்லில் 'வொர்க்புக் லிங்க்ஸ்') பாருங்கள். எப்போதோ எடுத்துவிட்ட சர்வரில் இருக்கும் ஃபைலோடு ஏதாவது ஃபார்முலா இணைந்திருக்கலாம்.

ஃபைலே சர்வரில் இருந்தால் கதை வேறு. திறப்பது என்பது ஒரே மூச்சில் இறக்குவதல்ல. பெயர் இருக்கிறதா, அனுமதி உண்டா, வேறு யாராவது திறந்திருக்கிறார்களா, இந்தத் துண்டைக் கொடு, அடுத்ததைக் கொடு என்று நிறைய போக்குவரத்து. ஆபீஸுக்குள் கேபிளில் ஒரு தடவை போய் வர 1 மில்லிவிநாடிகூட ஆகாது. வீட்டிலிருந்து விபிஎன் (வெளியிலிருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் நுழையும் பாதுகாப்பான இணைப்பு) வழியாக 50 மில்லிவிநாடி ஆனால், 400 தடவை போய் வருவதற்கே 20 விநாடி. லைன் 100 எம்பிபிஎஸ்ஸா 300ஆ என்பது அங்கே எடுபடாது. நான் டெஸ்க்டாப்பில் காப்பி எடுத்து வேலை பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டுவிடுவேன். ஒருமுறை போட மறந்து, ஒரே கட்சிக்காரருக்கு இரண்டு ஜிஎஸ்டி ஃபைல் ஓடியது. அன்று சீனியரிடம் வாங்கியதை இங்கே எழுத முடியாது.