வெளிநாட்டு மரத்தில் கடைந்த பாத்திரங்கள் நம் சமையலறைக்கு ஏற்றவையா?

கேள்வி: ஆலிவ், மேப்பிள், வால்நட், பர்ப்பிள்ஹார்ட், படாக் முதலிய வெளிநாட்டு மரங்களில் கடைந்த கிண்ணங்களும் மத்துகளும் மசாலா டப்பாக்களும் இப்போது நிறைய விற்கப்படுகின்றன. தஞ்சாவூர்ப் பக்கத்துச் சமையலறையில் அன்றாடம் புழங்குவதற்கு இவற்றில் எதை வாங்கலாம்? என்ன எண்ணெய் தடவ வேண்டும்?

கும்பகோணத்தில் கடைசல் பட்டறை நடத்துபவன் என்ற முறையில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரொட்டியும் பச்சைக் காய்கறியும் வைக்கும் மேசைக்கு நல்லது என்று பெயர் வாங்கிய மரம், புளியும் மஞ்சளும் ஓயாத ஈரமும் புழங்கும் நம் அடுப்பங்கரைக்கும் நல்லதாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. விற்பவர்கள் நிறத்தையும் அபூர்வத்தையும் பேசுவார்கள். வாங்குகிறவர் மரத்தின் துளையையும், அது விடும் சாற்றையும், ஈரத்துக்கு அது எப்படி அசைகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

துளை என்பது மரத்தைக் குறுக்கே அறுத்த முகத்தில் தெரியும். எண்ணெய் ஏறாத குறுக்கு முகத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தால், மேப்பிளிலும் ஆலிவிலும் அது முத்தாகச் சிறிது நேரம் நிற்கும். துளை பெரிதான மரத்தில் விட்ட இடம் உடனே கறுத்து, சொட்டு உள்ளே போய்விடும். சிவப்பு ஓக் மரத்தின் சிறு குச்சி ஒன்றின் ஒரு முனையில் வாய் வைத்து ஊதினால் மறுமுனையில் காற்று வருகிற அளவுக்கு அதன் துளைகள் திறந்தவை. அதே இனத்து வெள்ளை ஓக்கில் அத்துளைகள் இயற்கையாகவே அடைபட்டிருப்பதால்தான் அதில் மது பீப்பாய் செய்கிறார்கள். வரிவரியாக அழகு காட்டும் ஜீப்ராவுட்டும், கறுப்பு வெங்கேயும் திறந்த துளை கொண்டவை. அரைத்த விழுது அந்தத் துளைகளில் உட்கார்ந்துவிட்டால் எத்தனை தேய்த்தாலும் வராது. அவற்றில் பழக்கூடையோ பேனாத் தாங்கியோ கடைந்து வைத்துக்கொள்வதே உத்தமம்.

மேப்பிளில் துளைக் குறை கிடையாது. ஆனால் அதன் பால்வெள்ளை நிறத்தில் மஞ்சள்தூள் பட்டால் கறை ஏறிவிடும். சாம்பாரில் புரண்ட மேப்பிள் கரண்டி சில நாளிலேயே காவி கட்டியதுபோல் ஆகிவிடும். கறையைப் பொருட்படுத்தாதவர்கள் தாராளமாக வாங்கலாம், ஏனெனில் அந்த மரம் உணவில் மணமோ சுவையோ ஏற்றுவதில்லை. ஆலிவ் இன்னும் நல்ல மரம்: கெட்டியானது, எண்ணெய்ப்பசை உள்ளது, ரேகை அழகானது. ஆனால் அந்த மரம் கோணலாகவும் முறுக்காகவும் வளர்வதால் பெரிய கிண்ணத்துக்குத் தேவையான துண்டு அரிதாகவே கிடைக்கும். கரண்டியும் சிறு கிண்ணமும்தான் அதற்குப் பொருத்தம். வால்நட் கறையைத் தன் கரும்பழுப்பில் மறைத்துக்கொள்ளும். உலர்ந்த மிளகும் சீரகமும் வைக்கும் டப்பாவுக்கு அதைச் சொல்வேன், மத்துக்குச் சொல்ல மாட்டேன்.

கடினத்தைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். 11.28 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுக் குண்டைப் பாதி அமிழ்த்த எவ்வளவு விசை வேண்டும் என்று அளப்பது ஜான்கா அளவு. அந்தக் கணக்கில் வால்நட் ஏறத்தாழ 1,010 பவுண்டு, கடின மேப்பிள் 1,450, பர்ப்பிள்ஹார்ட் 2,500 அளவில் நிற்கும். பூரிக்கட்டைக்கும் மத்துக்கும் கடினம் உதவும். கிளறும் கரண்டிக்கு அது பெரிய தகுதி அல்ல. பர்ப்பிள்ஹார்ட்டை வாங்கினால் ஊதா நிறத்துக்காக வாங்க வேண்டாம்: புதிதாக அறுத்தபோது மங்கிய பழுப்பாக இருந்து, காற்றுப் பட்டு ஊதாவாகி, வெயில் வெளிச்சத்தில் நாளடைவில் மறுபடியும் பழுப்புக்கே போய்விடும்.

ஈர உணவுக்கு நான் ஒரேயடியாக மறுப்பது படாக்கையும் கோகோபோலோவையும்தான். படாக் துண்டை ஈர வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள், துணியில் செம்மை இறங்கும். அதே நிறம் மோரிலும் இறங்கும். கோகோபோலோ நம் ஈட்டி மரத்தின் இனத்தைச் சேர்ந்தது. அதன் எண்ணெய் பலருக்குத் தோல் ஒவ்வாமையை உண்டாக்கும். கடைபவருக்கு அதன் தூள் இன்னும் மோசம். (எந்த மரத்தூளும் நுரையீரலுக்கு நல்லதல்ல, முகமூடி இல்லாமல் கடைசல் எந்திரத்தின் முன் நிற்கக் கூடாது.) ஈட்டி இனம் முழுவதும் 2017 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டில் இருப்பதால், மலிவாகக் கிடைக்கும் கோகோபோலோ எந்த வழியில் வந்தது என்பதையும் சற்று யோசிக்க வேண்டும்.

டெல்டாவில் இவை எல்லாவற்றையும்விடப் பெரிய சோதனை அடைமழைக் காலம். வெளிநாட்டில் சூளையில் உலர்த்திய மரத்தில் ஈரம் பெரும்பாலும் 6 முதல் 8 சதவீதம் இருக்கும். ஐப்பசி கார்த்திகையில் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தில் நின்றால் அதே மரம் மெல்ல மெல்ல 16 சதவீதம் வரை ஏற்றுக்கொள்ளும். மரம் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் உப்புவதில்லை. மரத்தின் வளர்ச்சி வளையங்களை ஒட்டிய திசையில் அதிகமாகவும் மையத்திலிருந்து வெளிநோக்கிய திசையில் குறைவாகவும் உப்பும். சித்திரையில் வழுக்கிக்கொண்டு மூடிய வட்ட மூடி கார்த்திகையில் முட்டைவடிவாகி, இரண்டு இடங்களில் மட்டும் இறுகிப் பிடித்துக்கொள்வது இதனால்தான். பச்சை மரம் முழுக்க உலரும்போது, வளையத் திசையில் பீச் (beech) என்னும் வெளிநாட்டு மரம் 12 சதவீதத்தை ஒட்டிச் சுருங்கும், தேக்கு 5 சதவீதத்துக்குச் சற்று மேல்தான் சுருங்கும். ஆகவே பீச் மரத்தில் மூடியுள்ள டப்பா வாங்குவதாக இருந்தால் மூடி தளர்வாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கேட்காததையும் ஒன்று சொல்ல வேண்டும். நம் வாய்க்கால் கரையில் நிற்கும் பூவரசு, ஹவாய்த் தீவுகளில் மதிப்புமிக்க கிண்ண மரம். அத்தீவின் பழங்குடியினர் கிழங்குக் கூழ் வைத்து உண்ணும் கிண்ணங்களைப் பூவரசிலும் புன்னையிலும் குடைந்தார்கள். பூவரசு உணவில் வேற்றுச் சுவை ஏற்றுவதில்லை என்பது அவர்கள் அனுபவம், என் அனுபவமும் அதுவே. வைரம் பாய்ந்த பூவரசு செம்பழுப்பாக, கடைந்து உப்புத்தாள் போட்டாலே மினுங்கும், சுருக்கமும் குறைவு. நாம் அதன் இலையில் கொழுக்கட்டை வேகவைப்பதோடு நின்றுவிட்டோம். தென்னமெரிக்காவிலிருந்து வந்து நம் சாலையோரத்தில் ஊன்றிவிட்ட தூங்குமூஞ்சி மரமும் அப்படித்தான். பச்சையாகக் கடைந்தாலும் அதிகம் கோணாத மரம் அது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் சாய்த்த மரங்களில் எத்தனையோ தூங்குமூஞ்சிகள் விறகாகப் போயின. அவற்றில் பாதியையாவது கடைந்திருக்கலாம். துளை சற்றுப் பெரிது என்பதால் அதைப் பழக் கிண்ணத்துக்கும் தட்டுக்கும் வைத்துக்கொள்ளலாம். பலா புதிதில் மஞ்சள் விடும், வேம்பின் கசப்பு சிலர் நாக்குக்குத் தெரியும். புளியில் வைரம் மட்டுமே ஆகும், வெளிப்புற வெள்ளையை வண்டு துளைத்துவிடும்.

எண்ணெய் விஷயத்தில், நல்லெண்ணெயும் தேங்காயெண்ணெயும் மரத்தில் உலராமல் தங்கி நாளடைவில் சிக்கு வாடை பிடிக்கும். மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபினில் நான்கில் ஒரு பங்கு தேன்மெழுகை உருக்கிக் கலந்து, இளஞ்சூட்டில் தடவி, ஓர் இரவு விட்டுத் துடைத்தால் போதும். மழைக்காலத்துக்கு முன் ஒரு முறையும் பொங்கலுக்கு ஒரு முறையும் தடவுங்கள். ஹார்டுவேர் கடையில் ‘பாயில்டு லின்ஸீடு ஆயில்’ என்று விற்பதில் விரைவாக உலர உலோக உப்புகள் சேர்ப்பதுண்டு, அதைப் பாத்திரத்துக்குத் தடவ வேண்டாம். கதவு ஜன்னலுக்குத் தடவினாலும், துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாமல் விரித்துக் காயவிடுங்கள். சுருட்டிய துணி தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும்.