ஜெட் ஸ்கி சுவிட்ச் மக்கர் செய்கிறதா?

கேள்வி: தொண்டிக் கடலில் ஓட்ட வாங்கிய பழைய ஜெட் ஸ்கி (தண்ணீர் ஸ்கூட்டர்), பட்டனை அழுத்தினால் சில நேரம்தான் கிளம்புகிறது. சுவிட்சை மாற்றிவிடவா?
– வாசகர், காரைக்குடி

பதில்: அவசரப்படாதீர்கள். முதலில் பேட்டரி: முழு சார்ஜில் சுமார் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். கையில் மாட்டும் கயிற்றின் கிளிப் சரியாக உட்காராவிட்டாலும் வண்டி கிளம்பாது. அப்புறம் பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு சுவிட்ச் கனெக்டரைப் பிரித்துப் பாருங்கள், உப்புத்தண்ணீர் புகுந்து பச்சை பூத்திருந்தால் பெரும்பாலும் அதுதான் காரணம், கான்டாக்ட் கிளீனர் அடித்து நன்றாகக் காயவிட்டு ஈரம் புகாமல் காக்கும் டைஎலக்ட்ரிக் கிரீஸ் தடவுங்கள். சாதாரண ஸ்டார்ட் பட்டன் என்றால், மல்டிமீட்டரை கன்டினியூட்டி (பீப்) நிலையில் வைத்து சுவிட்சின் இரண்டு முனைகளிலும் தொடுங்கள், பட்டனை அழுத்தும்போது மட்டும் பீப் கேட்க வேண்டும். விட்டுவிட்டுக் கேட்டால் மாற்றிவிடுங்கள். கயிற்று சுவிட்சை மட்டும் யார் சொன்னாலும் ஒதுக்கிவிட்டு வயர்களை நேரடியாக இணைக்காதீர்கள், நீங்கள் தண்ணீரில் விழுந்தால் எஞ்சினை நிறுத்துவது அதுதான்.